டிஸ்டன்ஸ் தேசிகனுக்கு வந்த மெட்ராஸ் ஐ

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் தேசிகன் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள். டிஸ்டன்ஸ் தேசிகன் என்று கேட்டால் மட்டும் சரியான வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, "கொஞ்சம் தள்ளியே நின்னு பேசுங்க, அவருக்கு அதுதான் பிடிக்கும்" என்று சொல்லி அனுப்புவார்கள்.

பெயர் சும்மா வரவில்லை. அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதுதான் தேசிகன் உத்தியோகம். பெரிய படிப்பு படித்த விஞ்ஞானியானாலும் சரி, செய்யூரிலிருந்து பஸ் பிடித்து ஒப்பந்த வேலைக்கு வந்தவரானாலும் சரி, தேசிகன் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாக வேண்டும். கதிர்வீச்சிலிருந்து தப்ப மூன்றே வழி என்பார். அங்கே கொஞ்ச நேரமே இரு, எட்டி நில், நடுவில் ஒரு தடுப்பை வை. டைம், டிஸ்டன்ஸ், ஷீல்டிங். இருபத்தாறு வருஷம் இதையே சொன்னார். டிஸ்டன்ஸ் என்று சொல்லும்போது மட்டும் இரண்டு கையையும் அகல விரித்து, முதல் வரிசையில் இருப்பவன் மூக்கில் படுகிற மாதிரி காட்டுவார்.

ஆபீஸில் சொன்னதை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அவர். அடுப்பில் பால் பொங்கினால் நாலடி தள்ளி நின்று வத்சலாவைக் கூப்பிடுவார். தீபாவளிக்கு மத்தாப்பை ஒட்டடைக் குச்சியின் நுனியில் கட்டித்தான் மகள் கையில் கொடுப்பார். கட்டிக்கொண்ட பாவத்துக்கு வத்சலா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு ஆறவில்லை. ஹம்சினி கைக்குழந்தையாக இருந்தபோது, சாயந்திரம் வீட்டுக்கு வந்த மனுஷன் குழந்தையைத் தொடமாட்டார். குளிக்க வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும், பிறகு சந்தியாவந்தனம். எல்லாம் முடித்துவிட்டு "இப்போ குடு" என்று கையை நீட்டும்போது குழந்தை தூங்கியிருக்கும். இத்தனைக்கும் அவர் வகுப்பெடுத்த கட்டடத்தில் கரும்பலகையையும் சாக்குக்கட்டியையும் தவிர ஆபத்தான வஸ்து எதுவும் கிடையாது. அந்தக் குளியலை எந்த விதியும் கேட்கவில்லை, அவராக ஏற்படுத்திக்கொண்டது. குழந்தை வளர்ந்து, மடியில் உட்காருகிற வயசு தாண்டி, பாவாடை தாவணி போட்டு, வேலைக்கும் போய்விட்டாள். ஒருநாள் பழைய ஆல்பத்தைப் புரட்டிய தேசிகன், ஹம்சினியை மடியில் வைத்துக்கொண்டு தான் இருக்கிற படம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினார். எல்லாப் படத்திலும் ஒரு முழம் தள்ளி, கைகட்டி நின்றுகொண்டிருந்தார். ஆல்பத்தை மூடி வைத்தவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில், இருபத்துநாலு வயசில், ஹம்சினிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பையன் பரணிதரன், மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை, நங்கநல்லூரில் சொந்த வீடு. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்து மண்டபத்தில். இவர்கள் வழக்கத்தில் தாலி கட்டும்போது பெண் மணையில் உட்காரமாட்டாள். அப்பா நெல் மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வார், அவர் மடியில் பெண் உட்காருவாள், மாப்பிள்ளை எதிரே நின்று கட்டுவான். தேசிகன் இதைப் பற்றி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு மத்தியானம் வத்சலா கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, அவர் கூடத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து மடியில் இரண்டு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "மூட்டை அசையறதான்னு பாத்தேன்" என்றார். வத்சலா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியாதா!

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை, மழையில் நனைந்து வந்த தேசிகனுக்கு ஜலதோஷம் பிடித்தது. மூக்கு ஒழுகியது, தொண்டை கரகரத்தது. மிளகு போட்ட சாத்தமுதைக் குடித்துவிட்டுப் படுத்தார். வியாழக்கிழமை காலையில் எழுந்தால் வலது கண் திறக்கவில்லை. இமை இரண்டும் பீளையில் ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் விட்டுப் பிரித்துக் கண்ணாடியில் பார்த்தார். கண் செக்கச்செவேலென்று இருந்தது.

வேலைக்கு வந்த எல்லம்மாள்தான் முதலில் பார்த்தாள். புதுப்பட்டினத்துக்காரி, இருபது வருஷமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். பார்த்த மாத்திரத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள்.

"அய்ய, இன்னா சாரே இது! மெட்ராஸ் ஐ வந்துகீது உனுக்கு. என்ன பாக்காத, அந்தாண்ட திரும்பிக்கோ. பாத்தாலே ஒட்டிக்கும். வூட்ல கண்ணாலத்த வெச்சுகினு இன்னா வேல பண்ணிகினு கீற நீ?"

"நானா வேணும்னு வரவழைச்சுண்டேன்?" என்று கேட்டுவிட்டுத் தேசிகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஹம்சினி லீவு போட்டுவிட்டு வந்து அவரைப் புதுப்பட்டினத்தில் டாக்டர் மேரியிடம் அழைத்துப் போனாள். டாக்டர் மேரிக்கு முப்பது வயசுகூட இருக்காது. டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், ஜலதோஷம் என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டார்.

"ஜலதோஷத்தோட வந்த வைரஸ்தான் சார். மூக்குல இருந்தது கண்ணுக்கும் வந்திருக்கு. இன்னும் ரெண்டு நாள்ல இன்னொரு கண்ணுக்கும் வரும், பயப்படாதீங்க. ஒரு வாரம், பத்து நாள்ல தானா போயிடும். தண்ணியக் கொதிக்க வெச்சு ஆற வெச்சு, பஞ்சு நனைச்சுத் துடைங்க. ஒரு பஞ்சு ஒரு தடவைதான், அடுத்த கண்ணுக்கு வேற பஞ்சு. உறுத்தலா இருந்தா குளிர்ந்த தண்ணில துணி நனைச்சு மேல போட்டுக்கலாம். துண்டு, தலையணை எல்லாம் தனி. கண்ணத் தொடாதீங்க. தொட்டுட்டா உடனே சோப்பு போட்டுக் கையக் கழுவுங்க."

"மருந்து?" என்றார் தேசிகன்.

"மருந்து வேண்டாம். வைரஸுக்குச் சொட்டு மருந்து கேக்காது. வலி அதிகமாச்சு, வெளிச்சத்தப் பாக்க முடியல, பார்வை மங்குதுன்னா மட்டும் அன்னிக்கே கிளம்பி வந்துடுங்க."

"பாத்தா ஒட்டிக்குமா டாக்டர்?" என்று ஹம்சினி கேட்டாள்.

"பார்வைல ஒண்ணும் ஒட்டாதும்மா. கைலதான் ஒட்டும். கண்ணு, மூக்குத் தண்ணி கைல படும், கை எல்லாத்துலயும் படும். அவ்ளோதான் விஷயம்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் தேசிகன் பொருமினார். "அத்தனை வருஷம் டாக்டருக்குப் படிச்சுட்டுக் கையைக் கழுவுங்கோன்னு சொல்றா. இதை எல்லம்மாகூடச் சொல்லுவா."

"எல்லம்மா பாத்தா ஒட்டிக்கும்னுதான்பா சொன்னா" என்றாள் ஹம்சினி.

அவர் காதில் அது ஏறவில்லை. மருந்து கொடுக்காத டாக்டர் டாக்டரே இல்லை என்பது அவர் கட்சி. போகட்டும், தன் கையில்தான் இருபத்தாறு வருஷ வித்தை இருக்கிறதே! வீட்டுக்கு வந்ததும் சாக்குக்கட்டியை எடுத்தார். பின்பக்கத்து அறை வாசலில் ஒரு கோடு, அதற்கு ஆறடி தள்ளி இன்னொரு கோடு. முதல் கோட்டுக்கு உள்ளே அவர் மட்டும். இரண்டுக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது. பேச வருகிறவர்கள் இரண்டாவது கோட்டில் நின்று இரண்டு நிமிஷத்தில் பேசி முடித்துக்கொண்டு போக வேண்டும், அதற்கு ஒரு அலாரம் கடிகாரம். தடுப்புக்குக் கூலிங் கிளாஸ். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் வாங்கிய, மூக்குவரைக்கும் மறைக்கிற பெரிய கண்ணாடி. டைம், டிஸ்டன்ஸ், ஷீல்டிங், மூன்றும் ஆயிற்று. அக்கம்பக்கத்தில் இருந்த இரண்டு விஞ்ஞானிகள் வந்து இரண்டாவது கோட்டில் நின்று பார்த்துவிட்டு, ஏற்பாடு பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்!

கோடு போட்டவர் கண் ஊறும்போதெல்லாம் கண்ணாடிக்குள் விரலை விட்டுக் கசக்கினார். அதே விரலால் டெலிபோனை எடுத்தார், ரிமோட்டை அமுக்கினார், பேப்பரைப் புரட்டிவிட்டுக் கோட்டுக்கு அந்தப்பக்கம் தூக்கிப் போட்டார். ஆபீஸ்காரர்களுக்குக் கொடுக்க மிச்சமிருந்த ஐம்பது கல்யாணப் பத்திரிகைக்கும் அவர்தான் மஞ்சள் தடவி விலாசம் எழுதினார். நடுநடுவே தும்மல் வேறு. அடுத்த வாரம் அவர் செக்‌ஷனில் பாதிப் பேர் கூலிங் கிளாஸோடு வேலை பார்த்தார்கள். ஒருவருக்கும் பத்திரிகைமேல் சந்தேகம் வரவில்லை. தேசிகன் கண்ணை நாம் பார்க்கவே இல்லையே, அப்புறம் எப்படி வந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தாலும் பெருமாள் காப்பாற்றியிருப்பார். சனிக்கிழமை காலையில் தேசிகனின் தம்பி வரதன் பெண்டாட்டியோடு காஞ்சிபுரத்திலிருந்து வந்து இறங்கினான். கல்யாண வேலைக்கு ஒத்தாசை. வத்சலாவின் அண்ணாவும் வந்துவிட்டார். வீட்டில் இத்தனை பேர் இருக்கிறார்களே, இவர்களை எப்படிக் காப்பது என்று தேசிகனுக்கு ஒரே கவலை. நேராக மருந்துக் கடைக்குப் போய்த் தானே கேட்டு ஒரு கண் சொட்டு மருந்து வாங்கிவந்தார். வந்த பிறகு விடுவானேன், வருவதற்கு முன்னாலேயே விட்டுவிட்டால்? போலியோவுக்கு ஊரெல்லாம் அப்படித்தானே விடுகிறார்கள்!

கூடத்தில் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்தார். மருந்து எரிகிறதா பார்க்கலாம் என்று முதலில் தன் கண்ணில் விட்டுக்கொண்டார். குறி தப்பி, குப்பியின் மூக்கு இமைமேல் நன்றாக உரசியது. "எரியலை" என்றார். அடுத்தது வத்சலா, பிறகு வரதன், வரதன் பெண்டாட்டி, மைத்துனர். ஆளுக்கு இரண்டு சொட்டு, ஒரே குப்பி. எல்லம்மாளும் பாத்திரத்தைப் போட்டுவிட்டு வந்து, "எனுக்கும் வுடு சாரே" என்று முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

ஹம்சினி மட்டும் வரவில்லை.

"அம்மாடி, வா, ரெண்டே சொட்டு."

"வேண்டாம்பா. டாக்டர் சொன்னதைக் கேட்டியோன்னோ? உன் கண்ணைத் தொட்ட குப்பியை எல்லார் கண்ணுலயும் வெக்கறே. நீ கோடு போட்டிருக்கிறதெல்லாம் எதுக்கு? வாசலைப் பூட்டிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வெச்சிருக்கே."

"அப்பாக்கே பாதுகாப்புச் சொல்லித் தராளாம்!" என்று தேசிகன் வரதனைப் பார்த்துச் சிரித்தார். வரதனும் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தான். ஹம்சினி ஒரு சோப்பையும் துண்டையும் தனியாக எடுத்துத் தன் அறையில் வைத்துக்கொண்டாள். யார் என்ன கேலி செய்தாலும் மணிக்கொரு தரம் கையைக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை தேசிகனுக்கு இடது கண்ணும் சிவந்தது. புதன்கிழமை நங்கநல்லூரிலிருந்து டெலிபோன். மாப்பிள்ளையின் அப்பா சம்பத். தங்கமான மனிதர்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி.

"சம்பந்தி மாமா, தப்பா எடுத்துக்கப்படாது. கேள்விப்பட்டோம். பையனுக்குக் கல்யாணம் ஆன மூணாம் நாள் அமெரிக்கா பயணம். கண்ணு சிவந்துண்டு ஏர்போர்ட்ல நின்னா என்ன சொல்லுவான்? அதனால முகூர்த்தத்துக்கு உங்க தம்பி மடில வெச்சுக்கட்டும். நீங்க கொஞ்சம் தள்ளி உக்காந்து ஆசீர்வாதம் பண்ணிடுங்கோ. உங்களுக்கு நான் சொல்லணுமா? டிஸ்டன்ஸ்னு நீங்கதானே எல்லாருக்கும் பாடம் எடுக்கறேள்."

வேறு யாராவது வேறு எதையாவது சொல்லியிருந்தால் தேசிகன் சண்டை போட்டிருப்பார். தன் பாடத்தையே தன்னிடம் ஒப்பித்தவனிடம் என்னவென்று சண்டை போடுவது? "வாஸ்தவம்" என்று சொல்லி போனை வைத்தார். அன்றைக்குக் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வத்சலா இரண்டாவது கோட்டில் நின்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. அலாரம் அடித்தது. அப்போதும் திரும்பவில்லை.

"ஏன்னா, ஒரு நாழி உக்காந்து எழுந்துக்கறதுதானே. வரதன் யாரு, அந்நியமா?"

"இருபத்துநாலு வருஷத்துல ஒரு நாழிதான் கேட்டேன், வத்சலா" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. அவர் குரல் உடைந்திருந்தது. ஜலதோஷம் இறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது.

வரதனோ தலைகால் தெரியாமல் இருந்தான். அவனுக்குப் பெண் இல்லை, இரண்டும் பையன்கள். இப்படி ஒரு பாக்கியம் வாய்க்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. புதுசாகப் பட்டுக்கரை பஞ்சகச்சம் வாங்கினான். வியாழக்கிழமை கூடத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தான். ஒல்லி உடம்பு, மூட்டை ஒரு பக்கம் சரிந்து அவனும் சரிந்தான். "முதுகை நிமிர்த்து, காலை அகட்டி ஊன்றிக்கோ" என்று பின்னறையிலிருந்து குரல் வந்தது. தேசிகன் முதல் கோட்டின் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் தன் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம் அதுதான். பறிபோன இடத்துக்கு இன்னொருத்தனைத் தயார் பண்ண எல்லோருக்கும் மனசு வந்துவிடாது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வரதன் எழுந்திருக்கவில்லை. எழுந்துவிட்டான், கண்தான் எழுந்திருக்கவில்லை. "அண்ணா, எனக்கு ஒண்ணுமே தெரியலையே!" என்று பாயில் உட்கார்ந்து துழாவினான். பக்கத்தில் அவன் பெண்டாட்டிக்கும் அதே கதி. சமையலறையில் வத்சலாவுக்கு இடது கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. மைத்துனர் குளியலறையிலிருந்து வெளியே வராமல் உள்ளேயிருந்தே பெருமாளைக் கூப்பிட்டார். ஏழு மணிக்கு எல்லம்மாள் வாசலில் வந்து நின்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், தெருவே கதவைத் திறந்தது.

"சாரே! இன்னாத்த ஊத்துன என் கண்ல? நீ என்ன பாக்கவே இல்ல, நானும் உன்ன பாக்கல. எப்டி வந்துச்சு எனுக்கு? என் வூட்டுக்காரரு பேஜாரு பண்றாரு, ஐயரூட்டு நோவ இங்க இட்டாந்துட்டியான்னு."

தேசிகன் அலமாரியில் இருந்த குப்பியை எடுத்துப் பார்த்தார். யார் யாருக்கு விட்டோம் என்று விரல் விட்டு எண்ணினார். ஐந்து பேர். ஐந்தும் சிவப்பு. விட்டுக்கொள்ளாதவள் ஒருத்தி, அவள் கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. இருபத்தாறு வருஷம் வகுப்பெடுத்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. குப்பியைக் குப்பையில் போட்டார். ஈரத்துணியை எடுத்து, முட்டி போட்டு, இரண்டு சாக்குக்கட்டிக் கோட்டையும் தானே அழித்தார். பிறகு கையைக் கழுவினார், ரொம்ப நேரம்.

"அம்மாடி, நான் மடையன்" என்றார் ஹம்சினியிடம்.

"அதெல்லாம் அப்பறம். யார் மடில உக்காரறதுன்னு இப்போ முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு அவள் டாக்டர் மேரிக்கு போன் போட்டாள்.

டாக்டர் விசாரித்தார். அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றுவிட்டதா? நேற்றோடு நின்றுவிட்டது. காலையில் ஒட்டுகிறதா? இல்லை. சிவப்பு? லேசாக. ஜலதோஷம்? போயாச்சு. மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"உங்க வீட்டுல இப்போ இருக்கிறதுலயே அவர்தான்மா சேஃப். ஞாயித்துக்கிழமைக்குப் பதினோரு நாள் ஆயிடும். அதுக்குள்ள திரும்பத் தண்ணி வரலேன்னா தாராளமா உக்காரச் சொல்லுங்க. சோப்பு போட்டுக் கையக் கழுவிட்டு வரணும், முகத்தத் தொடக் கூடாது. புதுசா வந்தவங்கள மட்டும் யாரையும் தொடாம இருக்கச் சொல்லுங்க."

ஆரம்பித்து வைத்தவர் தேறிவிட்டார், காப்பாற்றப்பட்டவர்கள் எல்லோரும் படுத்துவிட்டார்கள்! நங்கநல்லூருக்கு ஹம்சினியே பேசினாள். சம்பத் மாமா முதலில் மென்று முழுங்கினார். "சித்தப்பாவுக்கு நேத்திக்கு ராத்திரிதான் வந்திருக்கு மாமா, அவர் பரவாயில்லையா?" என்று அவள் கேட்டதும் அவசரமாக, "அப்பாவே இருக்கட்டும், அப்பாவே இருக்கட்டும்" என்றார்.

அந்தக் கல்யாணத்தைச் செங்கல்பட்டில் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பெண் வீட்டார் வெட்கத்துக்குக் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இருபது பேரும் பயத்துக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வேனிலிருந்து இறங்கினார்கள், சம்பத் மாமாவின் எண்பது வயசுப் பெரியப்பா உள்பட. போட்டோகிராபர், "சார், யாராவது ஒருத்தராவது கழட்டுங்க, பொண்ணு எது மாமியார் எதுன்னே தெரியல" என்று கெஞ்சினார். வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பதிலாக ஹம்சினி ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைக்கச் சொல்லியிருந்தாள். பக்கத்தில் சிவந்த கண்ணோடு, கையைக் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் எல்லம்மாள் காவல். "கைய கழுவினு உள்ள போ. பாத்தா ஒட்டாது, தொட்டாதான் ஒட்டும். டாக்டரம்மா சொல்லிகீது. நைனா, உன்னத்தான், எங்க நழுவற?" ஒரு விஞ்ஞானி இரண்டு தடவை கழுவிவிட்டுப் போனார்.

தாரை வார்க்கிறபோது வத்சலா சொம்பை மட்டும் தொட்டாள், வேறு யாரையும் தொடவில்லை. வரதன் தன் புதுப் பஞ்சகச்சத்தோடு கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, "மூட்டை சரியா வெச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தேசிகன் முழங்கைவரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, கையை எதிலும் படாமல் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி மூட்டைமேல் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தினார், காலை அகட்டி ஊன்றினார். கூறைப்புடவையில் ஹம்சினி வந்து, திரும்பி, மடியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் தேசிகனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. பெண் மாப்பிள்ளையைப் பார்த்து உட்காருகிறாள். சபையில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவள் முகம் தெரிகிறது, மடியில் வைத்திருக்கிறவருக்கு மட்டும் தெரியவில்லை. அவருக்கு எதிரே சடையும் தாழம்பூவும்தான். பத்து நாளாகக் கண் கண் என்று அடித்துக்கொண்டாரே, இந்த இடத்தில் கண்ணுக்கு வேலையே இல்லை.

ஹம்சினி அவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று பாதி உடம்பைத் தன் காலில் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"முழுசா உக்காரு" என்றார் காதோரம்.

"உனக்கு முட்டி வலிக்கும்பா."

"வலிக்கட்டும். உக்காரு."

அவள் முழுசாக உட்கார்ந்தாள். கனமாகத்தான் இருந்தாள். இத்தனை கனம் என்று தலையணைகளை வைத்து அவர் ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது. கழுவிய இரண்டு கையாலும் அவளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை தலையில் விழுந்தது, கூலிங் கிளாஸ்கள் எல்லாம் மேடைப் பக்கம் திரும்பின. கட்டி முடித்தாயிற்று, பெண் எழுந்திருக்கலாம் என்று வாத்தியார் சொன்னார்.

"அப்பா, நான் எழுந்துக்கணும்" என்றாள் ஹம்சினி திரும்பாமல்.

"இரு" என்றார் தேசிகன்.